முதுகுவலிக்குள் ஒரு நண்டு

பழவேற்காட்டு நண்டு என்றால் சென்னையில் தனி மரியாதை. ஏரிச் சேற்றில் வளர்ந்த தடித்த நண்டுகள் கொடுக்கு கட்டப்பட்டு உயிரோடு சந்தைக்குப் போகும். அதே நண்டின் பெயரைச் சொல்லித்தான் மருத்துவ மாணவர்கள் ஒரு நோயை மனப்பாடம் செய்கிறார்கள். கால்சியம் கூடுவது, சிறுநீரகம் பழுதாவது, ரத்தசோகை, எலும்புச் சிதைவு என்ற நான்கின் ஆங்கிலப் பெயர்களில் முதலெழுத்தை மட்டும் எடுத்துக் கோத்தால் 'க்ராப்' என்று வரும். நோயின் பெயர் மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் தோன்றும் ரத்தப் புற்றுநோய்களில் ஒன்று.

நண்டு வளைக்குள் இருக்கும். வெளியே தெரிவது ஓட்டை மட்டும்தான். எந்த ஓட்டையில் நண்டு, எதில் வெறும் தண்ணீர் என்று பழகிய கண்ணுக்குத் தெரியும். மைலோமா என்ற நண்டின் ஓட்டை பெரும்பாலும் முதுகுவலி. ஆயிரம் முதுகுவலிகளில் ஒன்றில்கூட இந்த நண்டு இருக்காமல் போகலாம். இருக்கிற அந்த ஒன்று ஏன் இவ்வளவு தாமதமாகக் கண்ணில் படுகிறது, தாமதத்துக்குப் பின் வாழ்வது எப்படி இருக்கும் என்பதுதான் இங்கே விஷயம்.

பழவேற்காட்டைப் பற்றி எழுத வருகிறவர்கள் டச்சுக்காரர் கல்லறைக்கும் பூநாரைக் கூட்டத்துக்கும் போய்விடுவது வழக்கம். இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதில், இடுப்பளவு நீரில் நின்று வலை இழுப்பவர்களின் முதுகெலும்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி, குடும்பங்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. தன் முறை வருகிற நாளை விட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் வலியோடுதான் இறங்குவார்கள். கடலுக்குப் போகிறவர் இன்ஜினைத் தோளில் சுமந்து கரையேற்றுகிறார். இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்தபடி, ஆழமில்லாத நீரில் நாள் முழுக்கக் குனிந்து கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். இவர்களில் முதுகு வலிக்காத ஒருவரைக் காட்டச் சொன்னால் ஊரே சிரிக்கும்.

மைலோமா ஒளிந்துகொள்ள இதைவிடத் தோதான இடம் கிடையாது.

ஒருவரை நினைத்துக்கொள்வோம். இவர் உண்மை மனிதர் இல்லை. மைலோமா நோயாளிகளின் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப நேரும் படிகளை இந்த ஊரின் மேல் பொருத்திப் பார்க்கிறேன். வயது 53. ஒரு நாள் இன்ஜினைத் தூக்கும்போது நடுமுதுகில் சுருக்கென்று பிடிக்கிறது. 'வலை இழுக்குறவனுக்கு முதுகு வலிக்காம வேற என்ன வலிக்கும்' என்கிறார் மனைவி. மருந்துக்கடையில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டதும் இரண்டு நாள் நிம்மதி. மறுபடி வலி. சுளுக்கு எடுக்கிறவரிடம் போகிறார். கால் முன்னே வந்து பிறந்தவர் முதுகில் லேசாக மிதித்தால் சுளுக்கு விடும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் இன்னும் சாகவில்லை, அதையும் பார்த்துவிடுகிறார். பிறகு வலி ஊசி. ஊசிக்குக் கேட்கிறது, ஆனால் வாரத்துக்கு ஒன்று தேவைப்படுகிறது. எக்ஸ்ரே எடுக்கிறார்கள். 'தேய்மானம்' என்று பதில் வருகிறது.

இந்தத் 'தேய்மானம்' என்ற சொல்லின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் யாருடைய முதுகை எக்ஸ்ரே எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் தெரியும். அது இருப்பதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. ஆனால் அந்தச் சொல் விழுந்த நொடியில் கேள்விகள் நின்றுவிடுகின்றன. தேய்மானத்துக்குக் கால்சியம் மாத்திரை எழுதுகிறார்கள். உடம்பு வெளுத்திருக்கிறது என்று இன்னொருவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார். சளிக்காய்ச்சல் மூன்று மாதத்தில் இரண்டு முறை வந்ததற்கு ஆன்டிபயாட்டிக். அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல். சர்க்கரையாக இருக்குமோ என்று பார்த்தால் சர்க்கரை இல்லை. எடை குறைந்து முதுகெலும்பும் அமுங்கித் தெரிந்தால் எலும்புக் காசநோய் என்ற சந்தேகம் வருகிறது. காசநோய் இவ்வளவு பரவலான நாட்டில் அது முட்டாள்தனமான சந்தேகம் இல்லை. அதற்கான மருந்திலேயே பல மாதங்கள் போய்விடுவதும் உண்டு.

தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு மருத்துவரும் நியாயமாகத்தான் நடந்திருக்கிறார். நாலு தாளையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பார்த்தவர்தான் யாருமில்லை. அதைவிடக் கொடுமை, இரண்டு மருந்துகள் நோய்க்குத் துணை போயிருக்கின்றன. எலும்பு கரைந்து ரத்தத்தில் ஏற்கெனவே கால்சியம் வழிகிற மனிதருக்குக் கால்சியம் மாத்திரை. திணறிக்கொண்டிருக்கிற சிறுநீரகத்துக்கு வலி ஊசி.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நம் எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் என்று ஒரு வகை உண்டு. கிருமிகளைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்களைச் செய்வது அவற்றின் வேலை. வலை பின்னுகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இறாலுக்குச் சின்னக் கண்ணி, இன்னொருவர் மடவைக்குப் பெரிய கண்ணி, மற்றொருவர் நண்டுக்கு என்று ஆளுக்கு ஒரு வலை. ஆயிரக்கணக்கான வகை மீனுக்கு ஆயிரக்கணக்கான வலை. இதில் ஒரே ஒரு பின்னுகிறவருக்கு மூளை பிசகிவிடுகிறது. அவர் தன்னைப் போலவே நகல் எடுத்துப் பெருகுகிறார். எல்லா நகலும் ஒரே கண்ணியில், எந்த மீனும் சிக்காத வலையை இரவு பகலாகப் பின்னித் தள்ளுகின்றன. கொட்டகை முழுக்க அந்த வலைதான்.

இனி நடப்பது எல்லாம் இடப்பற்றாக்குறையின் கதை. ரத்தச் சிவப்பணுக்களைச் செய்யும் செல்களுக்கு மஜ்ஜையில் இடமில்லை; ரத்தசோகை வருகிறது. இரும்புச்சத்து மாத்திரைக்கு அது அசையாது, ஏனென்றால் குறைவது இரும்பு இல்லை. நல்ல வலை பின்னுகிறவர்கள் ஒதுக்கப்படுவதால், ரத்தத்தில் புரதம் மலைபோல் இருந்தும் சாதாரணக் கிருமியைப் பிடிக்க ஆளில்லை. பின்னும்போது சிதறும் நூல்துண்டுகள் மாதிரி, எதிர்ப்புப் புரதத்தின் சிறு துண்டுகள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்கு வந்து சேர்கின்றன. அங்கே இயல்பாகவே சுரக்கும் இன்னொரு புரதத்தோடு ஒட்டி, நுண்குழாய்களை அடைக்கும் அடைப்பான்களாக இறுகுகின்றன. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் அடைப்பு சீக்கிரம் இறுகும். வலி மாத்திரைகளில் பல, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. வியர்த்து வறண்ட உடம்பு, மேலே டைக்ளோஃபெனாக் ஊசி. மைலோமா சிறுநீரகத்துக்கு இந்தச் சேர்க்கையைவிடப் பெரிய எதிரி கிடையாது.

எலும்பின் கதையைப் பழவேற்காட்டுக்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. கடல் கரையை அரிப்பது புதிதல்ல; அரித்த இடத்தில் மறு பருவத்தில் மணல் வந்து சேரும். துறைமுகச் சுவர்கள் மணலின் ஓட்டத்தை மறித்தபின் அரிப்பு மட்டும் நடக்கிறது, மணல் வருவதில்லை. எலும்பும் அப்படித்தான். ஒரு வகை செல் எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும், இன்னொரு வகை கட்டிக்கொண்டே வரும். மைலோமா செல்கள் அரிப்பவரைத் தூண்டிவிடுகின்றன, கட்டுபவரின் கையைக் கட்டிப்போடுகின்றன. அரிப்பு கூடுகிறது, நிரப்பல் நின்றுபோகிறது. கரைந்த எலும்பின் கால்சியம் ரத்தத்தில் ஏறுகிறது. தாகமும் மலச்சிக்கலும் குழப்பமும் அதிலிருந்து வருபவை. ஓர் எலும்பின் தாதுவில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ போன பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் ஓட்டை தெரிய ஆரம்பிக்கும். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பது அதனால் நல்ல செய்தி ஆகாது. மற்றப் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவியதைத் தேடும் 'போன் ஸ்கேன்' சோதனையும் இங்கே ஏமாற்றும். அது எலும்பு கட்டப்படும் இடத்தில்தான் ஒளிரும், மைலோமாவில் கட்டுவதே நின்றுபோயிருக்கிறது.

இந்த ஏமாற்று வேலை நேற்று தொடங்கியதல்ல. 1844-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சேரா நியூபரி என்ற 39 வயதுப் பெண் இறந்துபோனார். நாலு வருடமாக அசதியும் எலும்பு வலியும். கணவர் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கையில் விட்டபோது இரண்டு தொடையெலும்புகளும் முறிந்தன. ஆரஞ்சுத் தோல் கஷாயமும் அபினும் கொடுத்துப் பார்த்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், தாமஸ் மெக்பீன் என்ற லண்டன் மளிகை வணிகர் விடுமுறையில் ஒரு குகையிலிருந்து தாவி ஏறியபோது நெஞ்சில் ஏதோ அறுந்தது போல் உணர்ந்தார். வலி போகவில்லை. சிறுநீர் பட்ட உள்ளாடை கஞ்சி போட்டதுபோல் விறைப்பதையும் அவர் கவனித்திருக்கிறார். ஓராண்டுக்கு மேல் பிளாஸ்திரி, அட்டை, சத்து மருந்து.

1845 நவம்பர் 1-ஆம் தேதி ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரின் கைக்கு மெக்பீனின் சிறுநீர்ச் சீசா வந்து சேர்ந்தது. சூடாக்கினால் வெண்ணிறப் படிவு வருகிறது, கொதிக்கவிட்டால் கரைகிறது, ஆறினால் திரும்ப வருகிறது. இது என்ன என்று கேட்டு ஒரு சீட்டும் கூட வந்தது. முட்டை வெள்ளையில் உள்ள ஆல்புமின் வெந்தால் மீண்டும் கரையாது. ஆகவே இது வேறு புரதம் என்று பென்ஸ் ஜோன்ஸ் கண்டுகொண்டார். சரியாக இரண்டு மாதத்தில், 1846 ஜனவரி 1 அன்று, மெக்பீன் இறந்தார். அந்தப் புரதம் எதிர்ப்புப் புரதத்தின் துண்டுதான் என்று எடல்மன், காலி என்ற இருவர் நிறுவியது 1962-ல்.

மெக்பீனின் சீசாவில் நமக்கு இன்றைக்கும் ஒரு பாடம் இருக்கிறது. சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு காகிதப் பட்டையை நனைக்கிறார்கள். அந்தப் பட்டை ஆல்புமினுக்கு நிறம் மாறும். பென்ஸ் ஜோன்ஸ் புரதத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. '1845-ல் கொதிக்கவைத்துக் கண்டதை இன்றைய பட்டை தவறவிடுகிறது' என்று சொன்னால் ஆய்வகக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் உண்மை அதுதான்.

தாமதம் ஏழை நாட்டின் தனிச்சொத்தும் அல்ல. குடும்ப மருத்துவர் முறை வேரூன்றிய இங்கிலாந்தில் 2010-ல் புற்றுநோயாளிகளிடம் நடத்திய பெரிய கணக்கெடுப்பில், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படும் முன் மூன்று தடவையோ அதற்கு மேலோ மருத்துவரிடம் நடந்தவர்கள் எந்தப் புற்றுநோயில் அதிகம் என்று பார்த்தார்கள். மைலோமாதான் முதலிடம், ஏறத்தாழ பாதிப்பேர். வசதி இருப்பவர்களுக்கும் இதே கதைதான். நடிகையும் நாடாளுமன்ற உறுப்பினருமாக இருந்த கிரண் கேருக்கு 2020 நவம்பரில் சண்டிகர் வீட்டில் கை முறிந்தது. அதற்காகச் செய்த சோதனைகளில்தான் மைலோமா தெரிந்தது. 1994-ல் சரத்குமாரோடு 'நேதாஜி' படத்தில் நடித்த லிசா ரே நம்மில் பலருக்கு நினைவிருக்கலாம். நெடுநாள் அசதிக்குப் பின் 2009-ல் அவருக்கு இந்த நோய் உறுதியானபோது வயது 37.

37 வயது விதிவிலக்கு. மேலை நாடுகளில் இந்த நோய் சராசரியாக 70 வயதை ஒட்டிக் கண்டுபிடிக்கப்படுகிறது. இந்திய மருத்துவமனைகளின் பதிவுகளில் 55 வயதை ஒட்டி, அதாவது பத்து வருடத்துக்கு மேல் முன்னதாக. குடும்பத்துக்கு இன்னும் உழைத்துப் போடுகிற வயது அது. இந்தியாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும் அரிய நோய் என்பதையும் மறக்கக் கூடாது. குப்பத்தில் வேலை பார்க்கும் ஒரு மருத்துவர் தன் பணிக்காலம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பார்ப்பார். பார்க்காத மீனை அடையாளம் சொல்லச் சொன்னால் யாரால் முடியும்?

வடசென்னை அனல்மின் நிலையச் சாம்பலால் வருமா என்று இந்தப் பக்கத்து மக்கள் கேட்பது இயல்பு. சாம்பலும் சுடுநீரும் எண்ணூர்க் கழிமுகத்துக்குச் செய்த கேடு தனியே பேச வேண்டியது. மைலோமாவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை. வயது, ஆணாக இருப்பது, உடல் பருமன், குடும்பத்தில் முன்பு யாருக்காவது இருந்தது, சில பூச்சிக்கொல்லிகள் ஆகியவையே இதுவரை அடையாளம் காணப்பட்ட காரணிகள். மீன் தின்பதால் வருவதில்லை. ஒட்டுவதுமில்லை, ஒரே தட்டில் சாப்பிடலாம்.

கண்டுபிடித்தபின் வரும் வாழ்க்கையில் முதல் மாதங்கள் பெரும்பாலும் தாமதத்தின் கடனை அடைப்பதில் கழியும். அமுங்கிய முதுகெலும்பு பழைய உயரத்துக்குத் திரும்பாது. சட்டை தொளதொளவென்று ஆகும். இரண்டு மூன்று எலும்புகள் அமுங்கியவர் சில அங்குலம் குட்டையாகியிருப்பார். சிறுநீரகம் அப்படியல்ல, சில வாரங்களுக்குள் நோய்க்கான சிகிச்சை தொடங்கிவிட்டால் பலருக்கு ஓரளவோ நன்றாகவோ மீளும். டயாலிசிஸிலிருந்து இறங்கி வந்தவர்கள் இருக்கிறார்கள். தாமதமாகத் தெரிந்தது என்று தளர்ந்து உட்கார்ந்து இன்னும் ஒரு மாதம் யோசிப்பதுதான் இரண்டாவது தாமதம். அது முதலாவதைவிட மோசமானது.

சிகிச்சை இன்று மெக்பீன் காலத்தைக் கடந்து எங்கோ வந்துவிட்டது. அதில் விசித்திரமான கதைகளும் உண்டு. கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுக்கப்பட்டு, 1950-களின் இறுதியில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கைகால் குறையோடு பிறக்கவைத்த தாலிடோமைட் உலகமே சபித்த மருந்து. 1999-ல் அமெரிக்காவின் அர்கன்சாஸில் பணியாற்றிய சீமா சிங்கலும் அவர் குழுவினரும், வேறெதற்கும் கேட்காத மைலோமா அந்த மருந்துக்குக் கேட்கிறது என்று காட்டினார்கள். அதன் தம்பிதான் லெனலிடோமைட். கூடவே போர்டெஸோமிப் ஊசி, டெக்ஸாமெதசோன் மாத்திரை. இந்த மூன்றின் கூட்டணிதான் நம் மருத்துவமனைகளில் பலருக்குத் தொடக்கச் சிகிச்சை. இவற்றை இந்திய நிறுவனங்களே தயாரிப்பதால் அமெரிக்க விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. உடம்பு தாங்குகிறவர்களுக்கு அவர்களுடைய ஸ்டெம் செல்களையே எடுத்து வைத்து, மஜ்ஜையை மருந்தால் துடைத்துவிட்டுத் திரும்பச் செலுத்துகிறார்கள். லிசா ரே அதைச் செய்துகொண்டவர்தான். பெரும்பாலோருக்கு நோய் முற்றாகப் போவதில்லை. அடங்கும், சில வருடம் கழித்துத் தலைகாட்டும், மருந்தை மாற்றி மறுபடி அடக்குவார்கள். அமெரிக்கக் கணக்கில் 1970-களில் நாலில் ஒருவர்தான் ஐந்தாண்டு தாண்டினார். இப்போது பாதிக்கு மேற்பட்டோர் தாண்டுகிறார்கள்.

இந்த மருந்துகளோடு ஏரிக்கரையில் வாழ்வது தனிக் கலை. போர்டெஸோமிப் பாதத்து நரம்புகளை மரத்துப்போக வைக்கும். மரத்த காலோடு சேற்றில் இறங்குகிறவருக்குக் கெளுத்தி முள்ளும் திருக்கை வாலும் ஆளிச்சிப்பி ஓடும் குத்தியது தெரியாது. கிருமியைப் பிடிக்க வலை இல்லாத உடம்பில் அந்தக் காயம் லேசாக முடியாது. செருப்பில்லாமல் இறங்கக் கூடாது, காயம் பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. இந்த நோயாளிகளைக் கொண்டுபோவது பல நேரம் புற்று இல்லை, தொற்று. பீகார் நாட்டுப்புறப் பாடகி சாரதா சின்ஹா பல ஆண்டுகள் மைலோமாவோடு வாழ்ந்து, 2024 நவம்பர் 5 அன்று டெல்லி எய்ம்ஸில் மறைந்தது ரத்தத்தில் தொற்று பரவியதால்தான். அக்கி வராமல் இருக்க மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் என்று கூடவே வரும் சில்லறை மருந்துகளை வீட்டார் 'இது எதற்கு' என்று நிறுத்திவிடுவதுண்டு. அவை சில்லறை இல்லை. டெக்ஸாமெதசோன் போட்ட இரவில் தூக்கம் வராது, சர்க்கரை ஏறும். எலும்பு அரிப்பைத் தடுக்கும் ஊசி தொடங்கும் முன் சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். தொடங்கியபின் பிடுங்கினால் தாடை ஆறாமல் போகலாம்.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளுக்கு வாழ்நாள் தடை. வலித்தால் பாரசிட்டமால், அதற்கும் மேல் என்றால் மருத்துவர் தரும் மார்ஃபின் வகை மருந்து. ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர், சிறுநீரக மருத்துவர் குறைக்கச் சொல்லாதவரை. இன்ஜினைத் தூக்குவது முடிந்துபோன விஷயம். வலை பின்னலாம், கிழிசல் பார்க்கலாம், ஏலத்தில் நிற்கலாம். அசையாமல் படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் கரையும், நடக்க வேண்டும். யாரையும் முதுகில் மிதிக்கவிடக் கூடாது. கால்கள் திடீரென்று துவண்டாலோ சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ முதுகுத்தண்டு நசுங்குகிறது என்று அர்த்தம். மணிக்கணக்கில் முடிவு செய்ய வேண்டிய அவசரம் அது. விடியட்டும் என்று காத்திருந்தால் கால் திரும்ப வராமலே போகலாம்.

பணக்கணக்கும் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஆனால் வாரா வாரம் ஊசிக்குச் சென்னைக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போய் வர, துணைக்கு ஒருவர் தன் நாள் கூலியை விட்டு வர வேண்டும். அந்தக் கூலியை எந்தக் காப்பீடும் தருவதில்லை. மருந்து பாதியில் நிற்பதற்கு விலையைவிட இந்த அலைச்சல் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

'முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா?' இந்தக் கேள்வி வீட்டாரை விடாது. எளிய பதில் இல்லை. மைலோமா வருவதற்கு முன், அநேகமாக எல்லாருக்கும், தொந்தரவே தராமல் அந்தத் தவறான புரதம் பல வருடம் ரத்தத்தில் இருந்திருக்கிறது என்று 2009-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. சேமித்து வைத்திருந்த பழைய ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்துக் கண்டது அது. ஐம்பது தாண்டியவர்களில் நூற்றுக்கு மூன்று பேரிடம் இந்தப் புரதம் இருக்கும். ஆண்டுக்கு அவர்களில் நூற்றில் ஒருவருக்குத்தான் மைலோமாவாகவோ அதையொத்த நோயாகவோ மாறும். எல்லாரையும் சோதித்துப் பார்த்தால் பயன் உண்டா என்று அறிய ஐஸ்லாந்தில் 2016 முதல் 80,000-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து ஆய்வு நடத்துகிறார்கள். ஆகவே நோய் பிறந்த நாளுக்கு யாரும் பொறுப்பில்லை. வலி தொடங்கிய நாளுக்கும் பெயர் தெரிந்த நாளுக்கும் நடுவில் உடைந்த எலும்புக்கும் அடைத்த சிறுநீரகத்துக்கும் பொறுப்பு உண்டு. அது ஒருவர் தலையில் சுமத்தக் கூடியது இல்லை.

அந்த இடைவெளியைக் குறைக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். ரத்தத்தில் தவறான புரதம் மிகுந்தால் சிவப்பணுக்கள் காசு அடுக்கினாற்போல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு, சோதனைக் குழாயில் சீக்கிரம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதைத்தான் ஈ.எஸ்.ஆர். என்று அளக்கிறார்கள். நூறாண்டுப் பழைய, மிக மலிவான சோதனை. முதுகுவலியோடு அது 100 என்று வந்தால் தேய்மானத்தின் மேல் பழி போட முடியாது, தேய்மானத்துக்கு ஈ.எஸ்.ஆர். ஏறாது. காசநோய்க்கு ஏறும், மைலோமாவுக்கும் ஏறும். அங்கிருந்து புரத எலக்ட்ரோபோரெசிஸ் என்ற சோதனை. ரத்தப் புரதங்களை மின்சாரத்தில் ஓடவிட்டுப் பிரித்தால், ஒரே வலையைப் பின்னும் கூட்டம் ஒரே இடத்தில் ஊசிமுனைபோல் எழுந்து நிற்கும். பிறகு மஜ்ஜைப் பரிசோதனை. இந்த மூன்று படிக்கும் நடுவில் காலம் கடத்தும் மர்மம் எதுவுமில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர்களும் வீடு தேடி வருகிறார்கள். குப்பத்தின் முதுகுகளை வரிசையாகப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். அவர்களிடமும், வலி ஊசி போடும் மருத்துவர்களிடமும், மருந்துக்கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஐம்பதை ஒட்டிய ஒருவருக்கு ஓய்வெடுத்தும் இரவிலும் முதுகு வலித்தால், ஆறு வாரத்துக்கு மேல் போனால், கூடவே அசதியோ வெளுப்போ அடிக்கடி காய்ச்சலோ இருந்தால், அடுத்த வலி ஊசிக்குப் பதில் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். ஹீமோகுளோபின், ஈ.எஸ்.ஆர்., கிரியாட்டினின், கால்சியம், மொத்தப் புரதம், ஆல்புமின் என்று ஆறு சொற்கள் போதும்.

வாசகருக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், பழைய ரத்தப் பரிசோதனைத் தாளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மொத்தப் புரதம் என்ற எண்ணிலிருந்து ஆல்புமின் என்ற எண்ணைக் கழியுங்கள். மிச்சம் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஏதோ ஒரு புரதம் மிகுந்திருக்கிறது. காசநோயோ கல்லீரல் கோளாறோ நாள்பட்ட வேறு தொற்றோ காரணமாக இருக்கலாம், மைலோமாவாகவும் இருக்கலாம். 4-க்குக் குறைவாக இருந்தும் மைலோமா இருக்கக்கூடும் என்பதால், வலி விடாதவர் அதோடு நின்றுவிட வேண்டாம். அந்தத் தாளை மடித்து மறுபடி பைக்குள் போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோய் வையுங்கள். 'இந்த எண் ஏன் இப்படி இருக்கிறது?' என்று கேளுங்கள்.